ரோடு மேல ரோடு

நகராட்சித் தலைவரின் மேஜை முன்னால் வந்து நின்ற அம்மாளின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"தலைவரே, மழைத்தண்ணி புகுந்து என் அடுப்படியில தவளை நீந்துது."

மனுக்கொடுக்க நின்ற வரிசை பார்த்துக்கொண்டிருந்ததால், தலைவர் தேர்தல் நேரத்துப் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டார். "அதான் உங்க தெருவுக்குப் புது ரோடு போடறேனே!"

"ஐயோ, வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்! உங்க தாத்தா தலைவரானதும் முதல் வேலையா எங்க தெருவுக்கு ரோடு போட்டார். உங்க அப்பா அதுமேலயே போட்டார். நீங்களும் போட்டா, நாங்க ஏணி வச்சுத்தான் தெருவுக்கு ஏறணும். அந்தப் பணத்தைப் பள்ளிக்கூடத் தெருவுக்குக் கொடுங்க. பிள்ளைங்க சேத்துல செருப்பை விட்டுட்டு நிக்குதுங்க."

"பரம்பரை வழக்கமாச்சே..." தலைவர் நெளிந்தார்.

"மாத்திக் கையெழுத்துப் போடாம நகர மாட்டேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வரிசையே எட்டிப் பார்த்தது. தலைவர் மேஜையில் இருந்த ரோடு உத்தரவில் 'பள்ளிக்கூடத் தெரு' என்று மாற்றிக் கையெழுத்திட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார்.

"வீட்டுல சொன்னா, 'பாக்கலாம்மா'ன்னு தூங்கப் போயிடுறியே! மத்தியானம் சாப்பிட வரும்போது பேண்டை மடிச்சு விட்டுட்டு வாடா, ராசா."