மோப்பம்

“இன்னும் கிட்ட நீட்டு!” என்று அதட்டினார் செயலாளரம்மா. தையல்காரம்மா கைகளை நீட்டினார். செயலாளரம்மா குனிந்து பத்து விரலையும் மோந்து பார்த்துவிட்டு, “ம், அடுத்த ஆள்” என்றார். ஆஸ்பத்திரிச் சமையலறைக்குக் காய் பறிக்கும் நாள் அது. பார்க்கிறவர்கள், அடடா, எவ்வளவு சுத்தம் பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

சுத்தமாவது, ஒன்றாவது! மகளிர் தோட்டச் சங்கத்தின் பொதுப் பாத்தியில் ஒரு மாதமாகக் கத்திரிக்காய் திருட்டுப் போகிறது. பூட்டு உடையவில்லை. சாவி உறுப்பினர் வீடுகளில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் முந்தின நாள் சாயங்காலம், செடிக்கு ஊற்றும் மீன் கரைசலைத் தண்ணீர் கலக்காமல் காம்புக்குக் காம்பு பூசி வைத்தார் செயலாளரம்மா. மீன் குடலையும் செதிலையும் வெல்லம் போட்டுப் பீப்பாயில் ஊறவைத்த சமாச்சாரம். அவசரப்பட்டுப் பாதியிலேயே திறந்துவிட்டதால் பாத்தி ஓரத்திலேயே இருந்த அந்தப் பீப்பாயைச் சுற்றிப் பத்தடிக்கு நின்றாலே குமட்டும். அதனால் காய் நாறுகிறதா, இடம் நாறுகிறதா என்று திருட வருபவளுக்குத் தெரியாது.

தொட்ட கையில் இரண்டு நாளைக்கு ஒட்டிக்கொள்ளும். எந்த சோப்புக்கும் போகாது. அது கை நீட்டி நின்ற பதினெட்டுப் பேருக்கும் நன்றாகத் தெரியும். பூசும்போது செயலாளரம்மா மட்டும் மறக்காமல் கையுறை மாட்டிக்கொண்டார்.

காலையில் வந்து பார்த்தால் பாதிச் செடி மொட்டை. உடனே வரிசையில் நிற்கவைத்து இந்த மோப்பம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களுக்காகச் சங்கம் வைத்த பெண்கள், பக்கத்தில் நிற்கிறவள் கையில் நாற்றம் வராதா என்று ஆவலோடு எட்டி எட்டிப் பார்த்தார்கள். கண்றாவி!

கடைசியில் நின்றவள் வாளியக்கா. இருக்கிற ஒரே வாளியிலேயே தண்ணீரும் சுமப்பாள், எருவும் சுமப்பாள். அதனால் அந்தப் பெயர்.

“என்னடி இது, இப்படி சோப்பு வாசம்?”

“நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கிறேன்க்கா. பின்ன மல்லிகை வாசமா வரும்?”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். செயலாளரம்மாவின் முகம் கடுகடுத்தது. “வாய் வேறயா? தப்பு பண்ணினவதான் இப்படித் தேச்சுத் தேச்சுக் கழுவுவா!”

“இது சோப்புக்குப் போற நாத்தமாக்கா? நீங்களாவது சொல்லுங்களேன்” என்று வாளியக்கா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

வரிசை தரையைப் பார்த்தது. அடுத்த போகத்துக்கு யாருக்கு எந்தப் பாத்தி என்று பிரித்துக் கொடுப்பவர் செயலாளரம்மா. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பாத்தி வேண்டுமென்றால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும். பதினேழு பேரும் பொத்திக்கொண்டார்கள். தூ!

“என் பாத்தியை மட்டும் எடுத்துடாதீங்கக்கா. அதை வச்சுத்தான் பிள்ளைங்களுக்கு ஒரு காய்கறின்னு கண்ணுல காட்டறேன்.”

“நோயாளி வாயிலிருந்து பிடுங்கறப்ப அது தெரியலையா? சாயங்காலத்துக்குள்ள செடியெல்லாம் பிடுங்கிக்கோ. சாவியை வை!”

முட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் தாங்க, கொட்டகையின் ஒற்றைப் படியில் ஏறி நின்றார் செயலாளரம்மா. பிரசங்கம் பண்ணாமல் அவருக்குத் தூக்கம் வராது.

“என் வீட்டைப் பாருங்க. கடைக்காய் வாங்கினா வாசப்படி மிதிக்காதேன்னு மருமககிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். என் மாடித் தோட்டத்துல விளையறதுதான் எங்களுக்குச் சாப்பாடு. உழைச்சுத் திங்கணும். அடுத்தவங்க காய்க்கு ஆசைப்படறது, சீ, அதெல்லாம் ஒரு பொழப்பா?”

தையல்காரம்மாதான் முதலில் கை தட்டினார். வாளியக்கா பூவும் பிஞ்சுமாக இருந்த தக்காளிச் செடிகளைப் பிடுங்கி வாளியில் அடுக்கினாள். அழவில்லை. கடைசிச் செடி வேர் அறுந்து கையோடு வந்தபோது மட்டும், “நாசமாப் போக” என்றாள். யாரைச் சொன்னாளோ!

மதியம் செயலாளரம்மா வீட்டுக்கு வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். “அப்பாடா, ஒரு அசிங்கத்தைத் தலைமுழுகியாச்சு!” என்று தோட்டத்துக் கதையை மருமகளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மருமகள் சோறு போட்டு, வதக்கின கத்திரிக்காயை எடுத்து வைத்தாள்.

“என்ன இருந்தாலும் நம்ம காய் நம்ம காய்தான்” என்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். இன்னொரு கரண்டி வைக்க மருமகள் குனிந்தாள்.

குப்பென்று வந்தது நாற்றம்.

செயலாளரம்மா முதலில் தன் விரல்களைத்தான் மோந்தார். சோறும் எண்ணெயும்தான் மணத்தன. பிறகு தட்டை மோந்தார். அப்புறம் மருமகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்து மூக்கருகே இழுத்தவர், வாயிலிருந்ததைத் தட்டிலேயே துப்பிவிட்டார்.

“அடிப் பாவி, நீயா? என் சாவியை எடுத்துட்டுப் போய் என் சங்கத்துலயே கை வச்சியா? தினம் மாடியிலிருந்து கூடை கூடையா இறக்கறியே, அது போதாம ஆஸ்பத்திரிக் காய் கேக்குதா உனக்கு?”

மருமகள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“மாடியில அத்தனை செடியும் செத்து ஒரு மாசமாச்சு, அத்தை.”