நாலாவது ஓட்டு

"கட்சியை விட்டுட்டு வாங்க, நாளைக்கே தேதி வைப்போம்" என்றார் கறிக்கடைக்காரர்.

"அது மட்டும் முடியாது பாய்" என்றார் மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர்.

முன்னவர் பெண்ணைப் பெற்றவர். பின்னவர் பையனைப் பெற்றவர். என் துணிக்கடையின் பின்னறையில் இரண்டு மணி நேரமாக இதே பாட்டு.

பிள்ளைகள் ஒரே மருந்துக்கடையில் வேலை. பார்த்து, பிடித்து, முறையாக வீட்டில் சொல்லி ஆறு மாதம். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் ஒரே பேச்சில் முடிந்துவிட்டது.

முட்டுக்கட்டை இறையாட்சி.

அது வர வேண்டும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. எந்த வாசல் வழியாக என்பதில்தான் வழக்கு.

சட்டம் போடும் உரிமை இறைவன் ஒருவனுக்கே, ஓட்டுப்பெட்டிப் பக்கம் போவதே பாவம் என்பது கறிக்கடைக்காரரின் கட்சி. கலந்து பேசச் சொல்லி வேதமே சொல்கிறது, ஓட்டும் கலந்து பேசுவதுதானே என்பது கண்ணாடிக்கடைக்காரரின் கட்சி. அவருடையது நிஜமாகவே கட்சி. கொடி, சின்னம் எல்லாம் உண்டு.

நான் கடைத்தெருப் பிரிவு. யார் ஆண்டாலும் ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டும்.

போன வாரத் தேர்தலில் கண்ணாடிக்கடைக்காரர் நின்றார். எங்கள் தெருச் சாவடியில் அவருக்கு விழுந்தது நாலு ஓட்டு.

அவர், மனைவி, பையன். ஆக மூணு. நாலாவது யார் என்று, கண் பரிசோதனை செய்வதுபோலத் தெருவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"வீட்டு ஓட்டை விடுங்க. நாலாவது ஆளு என்னை நம்பிப் போட்டிருக்கான். அவனை நட்டாத்துல விட்டுட்டு எப்படி வர்றது?"

"எவனோ கை தவறி அமுக்கியிருப்பான்" என்று பிளாஸ்திரி சுற்றிய விரலை ஆட்டினார் கறிக்கடைக்காரர். கத்தியோடு பழகுகிற கை. எந்நேரமும் ஏதாவதொரு விரலில் பிளாஸ்திரி இருக்கும்.

இருவரும் எழுந்து செருப்பைத் தேடினார்கள். செருப்பைத் தேடிய பிறகு படிந்த பேரத்தை நான் பார்த்ததில்லை.

அந்நேரம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

தொழாமல் கோபித்துக்கொண்டு போக முடியாதே. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யப் பின்கட்டுக் குழாயடியில் வரிசையாக நின்றோம்.

காயமிருந்தால் கட்டின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும். காயமில்லை என்றால் அவிழ்த்துக் கழுவியாக வேண்டும். இல்லையேல் ஒளு செல்லாது, தொழுகையும் செல்லாது. எங்கள் தெருவில் எல்லாப் பிரிவும் ஒத்துப்போகும் விஷயம் இது ஒன்றுதான்.

கறிக்கடைக்காரர் குழாயைத் திறந்தார். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. மனிதர் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, பிளாஸ்திரியை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். பக்கத்துக் குழாயில் நின்றவருக்குப் பார்வைதான் தொழில்.

விரலில் கீறல்கூட இல்லை. நகத்தின் மேல் ஓட்டுச்சாவடி மை, கன்னங்கரேலென்று.

கண்ணாடிக்கடைக்காரர் வாய் கொப்பளித்தார். முகம் கழுவினார். குழாயைப் பார்த்தபடியே சொன்னார்:

"தேதியை நீங்களே சொல்லுங்க சம்பந்தி. நான் கட்சியை விட்டுடறேன். அந்த ஆளுக்கும் சம்மதம்தான்."



மூன்று முறை கழுவினால் போதும். கறிக்கடைக்காரர் அந்த விரலை நாலாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தார்.