முன்கதவைக் காத்த வீரன்

தடார் என்ற சத்தத்தோடு முன்கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்துகொண்டது. மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் தெறித்து எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாய்ந்து போய் தோளைக் கொடுத்துக் கதவை அறைந்து சாத்தினேன்.

"தாழ்ப்பாள் பிச்சிக்கிச்சு, புஷ்பா. சோபாவ இழுத்துட்டு வா" என்று கத்தினேன்.

போன வருடம் எங்கள் ஊரான பொந்தியானில் அடித்த காற்றில் பக்கத்துத் தெரு வீடு ஒன்றின் கூரை பறந்து போனது. அன்றிலிருந்து நான் யூடியூப்பில் புயல் பாடம் படிக்க ஆரம்பித்தேன். கதவு கொஞ்சம் திறந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து கூரையையே தூக்கிவிடும் என்று ஒரு வெள்ளைக்காரர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது மனதில் பதிந்துவிட்டது.

அதனால் காலையில் வானிலை எச்சரிக்கை வந்த உடனே எல்லா ஜன்னலுக்கும் வெளியிலிருந்து பிளைவூட் பலகை அடித்துவிட்டேன். வீடு கோழிக்கூடு மாதிரி இருண்டு போனது. எனக்கென்னவோ கடலோரம் முழுவதற்கும் நானே பாதுகாப்பு அமைச்சர் என்று நினைப்பு.

ஒரே ஒரு சிக்கல். அன்று மாலைதான் சாஆ என்ற ஊரிலிருந்து மகேஸ்வரன் குடும்பத்தார் என் மகள் லோஷினியைப் பெண் கேட்டு வருவதாக இருந்தது. அவருடைய மகன் தீபனும் லோஷினியும் சிங்கப்பூரில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான மகேஸ்வரன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "முதல்ல வீட்டையும் மனுஷங்களையும் பாக்குறேன். அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு இந்தக் கோழிக்கூட்டையா காட்டுவது? மத்தியானம், புயல் வருகிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று செய்தி அனுப்பினேன்.

"போன் பண்ணிப் பேசுனீங்களா?" என்றாள் என் மனைவி புஷ்பவள்ளி.

"வாட்ஸ்அப் போட்டுட்டேன்லா."

"நல்ல காரியத்த யாராச்சும் வாட்ஸ்அப்ல தள்ளிப் போடுவாங்களா? அந்த மனுஷன் ஏற்கெனவே யோசிச்சிக்கிட்டு இருக்காரு. இதுவே சாக்குன்னு விட்டுட்டா, இவ வாழ்க்கை என்னங்க ஆகுறது?"

நான் பதில் சொல்வதற்குள் மின்சாரம் போனது. கூடவே போன் லைனும் போனது; நான் அனுப்பியதை அவர் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. லோஷினி கட்டிய புடவையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம்தான் மழை கொட்டத் தொடங்கியது. இப்போது முன்கதவே பெயர்ந்துகொண்டு வருகிறது.

சோபாவைக் கதவோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கதவைத் தாங்கிப் பிடித்தேன். காற்று மறுபடியும் தள்ளியது. நானும் தள்ளினேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு குனிந்து செருப்பு மாட்டவே முடியாதவன், அன்றைக்கு மல்யுத்த வீரன் ஆகிவிட்டேன்.

"ஏங்க, கடல் பக்கம் இருந்து வர்ற மழை பூரா அடுப்பங்கரைக்குள்ள ஊத்துது. அந்தக் கதவ விட்டுட்டு இங்க வாங்களேன்" என்று பின்னாலிருந்து புஷ்பவள்ளி குரல் கொடுத்தாள்.

"அங்க வாளிய வை. இத விட்டா கூரையே போயிரும். உனக்கு இதெல்லாம் புரியாது."

"ஆமா, உங்களுக்குப் புரிஞ்சதாலதான் பட்டப்பகல்ல மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கேன்."

தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலில் அவள் பேசியதே பாதிதான் கேட்டது. வெளியே காற்று என்னென்னவோ சொல்லி ஊளையிட்டது. கொஞ்ச நேரம் அடங்கியது. பிறகு, ஊரில் உள்ள சொந்தக்காரக் காற்றையெல்லாம் துணைக்குக் கூட்டி வந்ததுபோல ஒரே மூச்சாகத் தள்ளியது. சோபா வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. கதவில் வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"யாரு வீடுன்னு நெனச்சிக்கிட்ட? என் பொண்ணு இருக்கிற வீடு இது. நான் உசுரோட இருக்குற வரைக்கும் ஒன்ன உள்ள விடமாட்டேன். மரியாதையா வந்த வழியே போயிரு."

தள்ளுவது சட்டென்று நின்றது.

"பாத்தியா புஷ்பா? அதட்டுற விதத்துல அதட்டுனா காத்துகூட பயந்துரும்" என்றேன். அவள் வாளியும் கையுமாக வந்து நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன செய்வது, வீரனை அவன் வீட்டில் யாரும் மதிப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் மழையும் ஓய்ந்தது. விளக்கு எரிந்தது, போன் லைனும் வந்தது. நான் சோபாவில் சாய்ந்து, ஒரு கையை மட்டும் கதவில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். கூரை தலைக்கு மேலேயே இருந்தது. யாராவது படம் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால், மகேஸ்வரன். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க சார். இங்க பேய்க் காத்து. இவ்வளவு நேரமா முன்கதவப் போட்டுத் தள்ளு தள்ளுன்னு தள்ளிருச்சு. ஒத்த ஆளா நின்னு தடுத்து நிறுத்தியிருக்கேன்."

எதிர்முனையில் யாரோ தும்மினார்கள். ஒரு பெண் குரல் அடக்க முடியாமல் சிரித்தது. அதன் பிறகு தலைமையாசிரியரின் குரல் நிதானமாக வந்தது.

"அது காத்து இல்ல சம்பந்தி, நாங்கதான்."