வியாகுலத்தின் மூளை

எட்டு மாதமாகச் சொட்டுக்கூடத் தொடவில்லை என்று வியாகுலம் செய்த சத்தியத்தை மனைவி யூஜினியா பாதிதான் நம்பினாள். அதனால்தான் குடியை விட்டவர்களின் மூளையை ஆராய காரைக்குடியில் போட்டிருந்த முகாமுக்கு அவரை இழுத்து வந்தாள்.

டாக்டர் ஈஸ்வரி அவர் தலையில் ஒயர் கோத்த தொப்பியை மாட்டி, ஒவ்வொரு படமாகக் காட்டினார். பிராந்தி பாட்டில், ஒயின் ஷாப், ஊறுகாய் பாக்கெட். வியாகுலம் ஜெபமாலையை உருட்டியபடி உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் கோடு எகிறவே இல்லை.

"இனி சாதாரணப் படம். நீங்க வீட்டுலருந்து கொண்டாந்த போட்டோதாம்மா," என்றார் டாக்டர்.

போன வருஷம் வீட்டில் வைத்த கிறிஸ்துமஸ் குடில். கோடு துள்ளிக் குதித்தது.

டாக்டருக்குப் பூரிப்பு. "பாத்தீகளா? குடிக்கு ஏங்கின மூளை இப்ப சாமிக்கு ஏங்குது. இதைக் கட்டுரையாவே எழுதப் போறேன்."

"நல்லா எழுதுங்க டாக்டர்," என்ற யூஜினியா, கணவரைத் தொப்பியோடு அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்கினாள். டிசம்பர் வரை யாரும் தொடாத பெட்டியில் தூசியே இல்லை. உள்ளே மூன்று ராஜா பொம்மைகளுக்கும் நடுவில், வைக்கோல் மெத்தையில், பாதி காலியான குவார்ட்டர் பாட்டில் சுகமாகப் படுத்திருந்தது.