கொட்டக் கூடாத முடி

“ரெண்டுல எதுக்கு எக்ஸ்ரே கம்மி, டாக்டர்?” மேகலா மறுபடியும் அதையே கேட்டாள்.

ஸ்கேன் படத்தில் அவள் மூளை ரத்தக்குழாய் ஓரிடத்தில் மொச்சைக்கொட்டை போலப் புடைத்திருந்தது. அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லி முடித்திருந்தார்.

“மண்டையைத் திறக்க வேண்டாம்மா. ரெண்டுமே தொடை ரத்தக்குழாய் வழியா, எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே செய்யறதுதான். புடைப்புக்குள்ள சுருள் கம்பியை வெச்சு அடைக்கலாம். இல்லன்னா ரத்தக்குழாய்ல வலை மாதிரி ஸ்டென்ட் வைக்கலாம். உங்களுக்கு ரெண்டும் ஒத்துவரும். சுருள்னா எக்ஸ்ரே ரொம்ப நேரம் ஓடும். ஸ்டென்ட்னா கம்மி, ஆனா மாசக்கணக்கா மாத்திரையை விடாம போடணும்.”

“எக்ஸ்ரே கூடினா முடி கொட்டுமா?”

“சிலருக்குக் கொட்டும். அப்புறம் முளைச்சிடும்.”

“அப்ப ஸ்டென்டே வைங்க.”

மாமியார் புஷ்பவல்லி கைத்தடியால் தரையைத் தட்டினாள். “உசுரு போற நேரத்துல ஒனக்கு மசுரு பெருசா போச்சா? நம்மூரு அரியலூர்ல கேட்டா காறித் துப்புவாங்க.”

“துப்பட்டும் அத்தை. எனக்கு ஒரு முடிகூடக் கொட்டக் கூடாது.”

“அப்புடி யாருக்குடி காட்டப் போற?”

மேகலா இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு. போன வருசம் நீங்க இடுப்பு ஒடிஞ்சு கெடந்தப்ப வேண்டிக்கிட்டேன். நீங்க தடியில்லாம கோயிலுக்கு நடந்து வர்ற அன்னைக்கு மொட்டை போட்டுக்கிறேன்னு. அவளுக்குச் சேர வேண்டியதை எக்ஸ்ரேக்குக் குடுக்க மாட்டேன். முடி தயாராதான் இருக்கு. நீங்கதான் இன்னும் தடிய விட மாட்டேங்கிறீங்க.”