மேடு ஏறும் கார்

"இந்தக் காடியைப் பறக்க வைக்கணும் தம்பி. முடியுமா?"

காருக்கு அடியில் படுத்திருந்த பவித்ரன் வெளியே வந்து பார்த்தான். எழுபதைத் தாண்டிய பெரியவர். அவருக்குப் பின்னால் சாயம் வெளுத்த ஒரு சின்னக் கார். மலேசியாவின் ஈப்போ நகரில் ரேஸ் பைத்தியங்களின் கார்களுக்கு வேகம் கூட்டிக் கொடுக்கும் பட்டறை அது. இப்படி ஒருவர் அங்கே வந்ததே இல்லை.

"யாரோட ரேஸ் விடப் போறீங்க அங்கிள்?" என்று சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "என் பேரு அந்தோணிமுத்து. சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துல வீடு. என் வீட்டுக்காரி எல்ஸிக்கு நெஞ்சுல கோளாறு. வலி வந்தா ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடி வரணும். இது மேட்டைக் கண்டா மூச்சு வாங்குது, ஒரு மணி நேரம் ஆவுது. முன்னால ஒரு லோரி போனா போத்தோங் பண்ணித் தாண்ட முடியல."

பவித்ரனின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"வேற காடி வாங்கிடலாமே அங்கிள்?"

"இல்ல தம்பி. இதுதான் ஓடணும்."

அன்றே வேலையைத் தொடங்கினான். வேகம் கூட்டக் கொடுத்திருந்த தன் காருக்காக வந்த நண்பன் ஷான் எரிந்து விழுந்தான். "என்ன மச்சான், என்னோடதைப் போட்டுட்டு இந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழறே?"

"ஒரு உசுரு விசயம் லா. உன்னோடது அடுத்த வாரம்."

டர்போ இன்ஜின் பூட்டினான். பிரேக்கை மாற்றினான். பின் இருக்கையில் நோயாளி படுத்து வந்தாலும் குலுங்காதபடி ஸ்பிரிங்கைச் சரிசெய்தான். கடைசியில் தானே தோட்டம் வரை போய், பெரியாஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிப் பார்த்தான். தன் தாய்க்குச் செய்ததுபோல் ஒரு திருப்தி.

அந்தோணிமுத்து பஸ் ஏறி வந்து சேர்ந்தார்.

"மேட்டுல லோரியெல்லாம் சும்மா தாண்டிடுச்சு அங்கிள்!" பவித்ரன் பெருமையாகச் சாவியை நீட்டினான். "முன்ன ஆன நேரத்துல பாதிகூட ஆகாது. இனிமே ஆன்ட்டியைப் பத்திக் கவலையே வேணாம்."

"பாதிகூட ஆகாதா?"

"சத்தியமா."

பெரியவரின் கை சாவியை வாங்க எழவில்லை. அப்படியே காரின் மேல் சாய்ந்துகொண்டார்.

"காடியை மாத்துங்க, மாத்துங்கன்னு எல்ஸி சொல்லிக்கிட்டே இருந்தா. இது போதும்னு நாந்தான் பிடிவாதமா இருந்தேன். போன ஈஸ்டருக்கு முன்னாலதான் தம்பி அவளை அடக்கம் பண்ணோம். இந்தக் காடியிலதான், வழியிலேயே போயிட்டா."

பவித்ரன் நீட்டிய சாவியைக் கீழே இறக்கினான். "அப்ப இதெல்லாம் எதுக்கு அங்கிள்?"

"எவ்ளோ வேகமா ஓடியிருந்தாலும் அவளைக் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு தெரிஞ்சா, கொஞ்சம் தூக்கம் வரும்னு நெனைச்சேன்."