ஒரே பெயரில் இரண்டு

மூன்றாவது முறை அனுப்பியும் மருத்துவமனைக் கணினியில் பழைய மென்பொருளே போய் உட்கார்ந்தது. துயெட் கடிகாரத்தைப் பார்த்தாள். குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டு மணிக்குப் புதிய மருந்தளவுக் கணக்கு ஓடியாக வேண்டும். இப்போதே ஒன்றே முக்கால்.

காரணம் மட்டும் பிடிபட்டுவிட்டது. அவள் எழுதிய புதியது இருக்கும் பிராஞ்சின், அதாவது தனிக் கிளையின், பெயர் ‘மருந்து-2’. அதே பெயரில் பழையதன் மேல் ஒரு டேக், அடையாளச் சீட்டு போல, ஒட்டப்பட்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் இயந்திரம் டேக்கைத்தான் எடுக்கும்.

ஒட்டியவன் கோய். போன வாரம் வேலையிலிருந்து அனுப்பப்பட்டவன். போனில் பிடித்தாள்.

"போறப்போ பழிவாங்கிட்டுப் போயிருக்கியாடா?"

"அந்த டேக்கா? தெரிஞ்சேதான் வெச்சேன், அக்கா." தா நாங் கடற்கரைச் சாலையின் ஸ்கூட்டர் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் நிதானமாக வந்தது.

"வெக்கமா இல்ல? இதோ, அழிக்கப் போறேன்."

"அழிங்க. அதுக்கு முன்னாடி எட்டரைக் கிலோ குழந்தைன்னு போட்டுப் பாருங்க. மீட்டிங்ல மூணு தடவ சொன்னேன். நாலாவது தடவ சொன்னப்போ வேலைய விட்டே அனுப்பிட்டீங்க."

துயெட் எரிச்சலோடு, வியட்நாம் வழக்கப்படி தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்து, 8,5 என்று தட்டினாள். அவளுடைய புதிய மென்பொருள் காற்புள்ளியை விழுங்கிவிட்டு, எண்பத்தைந்து கிலோவுக்கான மருந்தைக் காட்டியது.

மேசையில் இன்னொரு போன் அலறியது. மருத்துவமனை.

"இன்னிக்குப் பழசே ஓடட்டும்ங்க," என்று சொல்லி அந்தப் போனை வைத்தாள்.

கோய் இன்னும் காத்திருந்தான். டேக்கைத் தொடாமல், தன் பிராஞ்சின் பெயரை மாற்றினாள்: ‘கோய்-பார்த்த-பிறகு’.